பதினெட்டாம் குழியில் ஒரு 'போதும்'

எங்கள் இளையோர் கோல்ஃப் லீக்குக்கு ஐம்பது வயதாகிவிட்டது என்று ஸ்கேர்ஹேவன் கிளப் மண்டபத்தில் பித்தளைப் பலகை ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். நான்கு ஊர் கிளப்புகளின் கேப்டன்களும் கூடிப் பேசி, பிள்ளைகளின் நலனுக்காக இந்தப் போட்டியை நிறுவினார்களாம். வாசித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

"என்ன நெட்டா, எழுத்துப் பிழை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் செயலாளர்.

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆளுங்கதான் தப்பு," என்றேன்.

கேப்டன்களாவது கூடிப் பேசுவதாவது! அந்த நாலு பேரும் ஒருத்தர் தெருவில் வந்தால் இன்னொருத்தர் சந்துக்குள் புகுந்துவிடுவார்கள். லீக் பிறந்தது மீன் வேனில். அந்த வேனை ஓட்டியவள் நான். பேச்சை ஆரம்பித்தவள் என் பக்கத்து வீட்டு எல்ஸ்பெத் கேர்ன்கிராஸ். பலகையில் அவள் பெயர் இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அழப் போவதில்லை. சொல்லிவிடப் போகிறேன்.

அப்போது துறைமுகத்தை ஒட்டி மீன்கூடம் இருந்தது. காலையில் படகு வந்ததும் ஹேடாக் மீனைத் தோல் உரித்து, முள் எடுத்து, பெட்டியில் அடுக்குவோம். ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போகும், கத்தி பட்டால்கூடத் தெரியாது. அதனால் எல்லாரும் விரலுக்குத் துணி சுற்றியிருப்போம். எல்ஸ்பெத் நிற்பது தராசு பக்கம். நாங்கள் மீனைப் பெட்டியில் போட்டுக்கொண்டே இருப்போம், அவள் கண் தராசு முள்ளின் மேல் இருக்கும். எடை சரியானதும் ஒரே சத்தம்: "போதும்!" ஐஸ் உடைக்கிற இயந்திரச் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் மூலையில் நிற்கிறவளுக்கும் கேட்கும். கேட்ட கணத்தில் கை நிற்க வேண்டும். ஒரு மீன் கூடினாலும் முதலாளி முகம் சுளிப்பார்.

எல்ஸ்பெத் புருஷன் டூகல் இறால் கூடு போடுகிறவன். அவர்களுக்கு ஒரே மகள், கிர்ஸ்டி. பதின்மூன்று வயது, கெண்டைக்கால் முழுக்க முள்கீறல், கையில் எப்போதும் அப்பாவின் பழைய மட்டை. எங்கள் ஊரில் கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவே உள்ள மணல்மேட்டில்தான் கோல்ஃப் திடல். பிள்ளைகளுக்கு அங்கே அனுமதி கிடையாது, அதனால் மீன்காரப் பிள்ளைகள் அந்தி சாய்கிற நேரம் பார்த்து வேலியில் புகுந்து ஆடும். கேப்டன் ஆகில்வி கைத்தடியோடு துரத்துவார். அவர் பேங்க் மேனேஜர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, முகத்தில் ஒரு சிரிப்பு இருக்காது.

ஒருநாள் தராசில் நின்றபடியே எல்ஸ்பெத் சொன்னாள்: "ஏண்டி நெட்டா, நீ மீன் விக்கப் போற ஊர்லயெல்லாம் பிள்ளைங்க இப்படித்தான் திருட்டுத்தனமா ஆடுதா?"

"எல்லா ஊர்லயும் அதே கதைதான். இன்வர்கெல்ல நாயை விட்டுத் துரத்துறானுங்க."

"அப்ப நாலு ஊருப் பிள்ளைங்களையும் நேரா மோத விட்டா என்ன? திருடனா ஆடறதை ராஜாவா ஆடட்டுமே."

"கேக்க நல்லாத்தான் இருக்கு. யாரு போய்ச் சொல்றது?"

"நீதான். மீன் எடை போட்டுக் குடுக்கறப்ப அப்படியே காதுல போட்டுட்டு வா."

அப்படித்தான் போட்டேன். பால்டோனி, இன்வர்கெல், கிரெய்கன், மூன்று ஊரிலும் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, மீனைக் காகிதத்தில் சுற்றும் நேரத்தில் பேசினேன். அம்மாக்கள் அப்பாக்களைப் பிடித்தார்கள், அப்பாக்கள் கிளப்பைப் பிடித்தார்கள். கடைசியில் அசையாமல் நின்றது எங்கள் ஊர் ஆகில்விதான்.

ஆடுவதற்கு நேரம் வேண்டுமே. பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டு, எங்களுக்கு வேலை முடிந்து, வெளிச்சமும் மிச்சமிருப்பது வெள்ளிக்கிழமை சாயங்காலம். அது கிளப் ஆண்களின் நேரம். எல்ஸ்பெத் மீன்செதில் ஒட்டிய ஏப்ரனோடு நேரே பேங்குக்கே போய்விட்டாள். நானும் கூடப் போனேன், வேடிக்கையை விட முடியுமா?

"ஒரு வருஷம் ஆடிப் பாக்கட்டும்," என்றார் ஆகில்வி. "கோப்பை இந்த ஊருக்கு வந்தா வெள்ளிக்கிழமை பிள்ளைங்களுக்கு. வரலைன்னா வெள்ளிக்கிழமை எங்களுக்கு. அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது, மிஸஸ் கேர்ன்கிராஸ்."

"எடுக்க மாட்டேன். கையைக் குடுங்க."

கை கொடுத்தார். பிறகு கைக்குட்டையால் ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

கோப்பை என்பது பேச்சுக்குத்தான். இன்வர்கெல் பேக்கரிக்காரர் கொடுத்த வெள்ளி முலாம் பூசிய தேநீர்க் கெண்டி அது. அந்தக் கெண்டிக்காக அந்தக் கோடையில் நான்கு ஊரும் பைத்தியமாக அலைந்தது. ஊருக்கு ஐந்து பிள்ளைகள், ஐந்து ஜோடி, ஐந்து ஆட்டம். வெளியூர் போகும்போது எங்கள் ஐந்தையும் மீன் வேனின் பின்னால் ஏற்றிக்கொண்டு போவேன். எத்தனை முறை கழுவினாலும் வேனில் வாடை போகாது. பால்டோனியில் இறங்கியதும் எதிரணிப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு "மீன்பெட்டி வந்துருச்சு, மீன்பெட்டி வந்துருச்சு!" என்று கூவும்.

"ஆமாண்டா, மீன்பெட்டிதான்," என்றாள் கிர்ஸ்டி முதல் நாளே. "முள்ளு இருக்கும், பாத்து மெல்லு!" அன்று அவள் ஜெயித்தாள். திரும்பி வரும்போது வேன் கூரையில் தட்டிக்கொண்டு எங்கள் பிள்ளைகளே "மீன்பெட்டி, மீன்பெட்டி" என்று பாடிக்கொண்டு வந்தன. எனக்கு வண்டி ஓட்டவே முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு.

மழையிலும் ஆடினார்கள். கடல்மூட்டம் இறங்கி எதிரே நிற்கிற ஆள் தெரியாத நாளில், ஒரு பிள்ளை குழிக்குப் பக்கத்தில் நின்று சட்டியைத் தட்ட, மற்றது அந்தச் சத்தத்தைப் பார்த்து அடிக்கும். ஆட்டம் முடிந்ததும் அந்த ஊர்க் கிளப் சுடச்சுடப் பிரைடி கொடுக்கும், மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம். எந்த ஊர்ப் பிரைடியில் வெங்காயம் அதிகம் என்று நான்கு ஊர் அம்மாக்களும் சண்டை போட்ட சரித்திரம் தனியாக எழுதலாம்.

கடைசி ஆட்டம் ஆகஸ்ட் முடிவில், எங்கள் திடலில், பால்டோனியோடு. புள்ளியில் பால்டோனி கொஞ்சம் முன்னால் இருந்தது. அன்று நாங்கள் ஜெயித்தால் கெண்டி எங்களுக்கு. சமமாக முடிந்தாலும் அவர்களுக்குத்தான். கெண்டி போனால் வெள்ளிக்கிழமையும் போச்சு. மீன்கூடத்தில் அன்று யாருக்கும் வேலை ஓடவில்லை. எல்ஸ்பெத் இரண்டு பெட்டியில் எடையைத் தவறவிட்டாள், அவள் வாழ்க்கையிலேயே அப்படி நடந்ததில்லை.

நான்கு ஜோடி முடிந்தபோது இரண்டு எங்களுக்கு, இரண்டு அவர்களுக்கு. கடைசி ஜோடி கிர்ஸ்டியும் பால்டோனி ரோரியும். பால்டோனி தபால்காரர் மகன் ரோரி, குரல் இன்னும் உடையாத பையன், காதுவரை சிவப்பு முடி. பதினேழு குழி முடிந்து சமம். பதினெட்டாவதைச் சுற்றி ஊரே திரண்டிருந்தது. நடுவராக நின்றவர் ஆகில்வி.

ரோரி ஐந்து தடவை அடித்துப் பந்தைக் குழியில் போட்டுவிட்டான். பந்தைக் குழியிலிருந்து எடுத்துக்கொண்டு கடல்மதில் ஓரமாகப் போய் நின்றான். மதிலுக்கு அந்தப் பக்கம், அவனுக்கு நேர் பின்னால், நானும் எல்ஸ்பெத்தும். கிர்ஸ்டி அதுவரை இரண்டு தடவைதான் அடித்திருந்தாள். பந்து இன்னும் தள்ளித்தான் கிடந்தது. மூன்றாவதை அவள் தரையோடு உருட்டிவிட்டாள். முதுகுப் பக்கமிருந்து காற்று. பந்து மேட்டில் ஏறி, இறங்கி, குழியை நோக்கி ஓடிவந்தது. வந்த வேகத்தைப் பார்த்தால் குழியைத் தாண்டி அந்தப் பக்கச் சரிவில் இறங்கி மணலுக்குப் போய்விடும் போலிருந்தது.

"போதும்!" என்று கத்தினாள் எல்ஸ்பெத்.

தராசு முள்ளைப் பார்த்துக் கத்துகிற அதே சத்தம். அவள் பந்துக்குச் சொன்னாள், பந்தும் கேட்டுக்கொண்ட மாதிரி குழியைத் தாண்டி ஒரு சாண் தூரத்தில் நின்றது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு பேர் நேருக்கு நேர் ஆடும்போது, பந்து குழிக்கு அவ்வளவு கிட்டத்தில் நின்றால், எதிராளி "போதும்" என்பான். இனி அதை அடித்துக் காட்ட வேண்டியதில்லை, இன்னும் ஒரே அடியில் குழிக்குள் போனதாகவே வைத்துக்கொள், பந்தை எடுத்துக்கொள் என்று அர்த்தம். அது எதிராளி வாயிலிருந்து மட்டும்தான் வரலாம். வேறு யார் சொல்லி எடுத்தாலும் ஒரு அடி தண்டம், கணக்கில் கூடிவிடும்.

கிர்ஸ்டி கண்ணில் அந்தி வெயில். ரோரி நின்ற திசையிலிருந்து "போதும்" வந்தது. ஓடி வந்தாள், பந்தை எடுத்தாள், கையை நீட்டிக்கொண்டு ரோரியிடம் போனாள். கணக்குக்கு நாலு அடி, ரோரியைவிட ஒன்று குறைவு, இவளுக்கு வெற்றி. எங்கள் ஊர் ஒரு கூச்சல் போட்டது பாருங்கள், கடற்பறவையெல்லாம் எழும்பிவிட்டது.

ஆகில்வி கையைத் தூக்கினார். "இருங்க. யாரு சொன்னது 'போதும்'னு? ரோரி, நீயா?"

கூச்சல் அடங்கியது. ரோரி கிர்ஸ்டியைப் பார்த்தான், அவள் கையிலிருந்த பந்தைப் பார்த்தான். பிறகு தன் ஊர்க்காரர்களைப் பார்க்காமல் நிமிர்ந்து, "ஆமா, மிஸ்டர் ஆகில்வி. நான்தான்," என்றான்.

என் பக்கத்தில் எல்ஸ்பெத் மூச்சுவிடவில்லை. ஊருக்கே கேட்கிற வாய் அது. அன்றைக்குப் பார்த்து இறுக மூடிக்கொண்டது. "சொல்லுடி," என்று நானும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கைக்கு வந்துவிட்டதே.

"இல்ல," என்றாள் கிர்ஸ்டி.

"என்ன இல்ல?"

"ரோரி சொல்லல. கேட்டப்ப அவன்னு நெனச்சேன். இப்ப யோசிச்சா தெரியுது. அது எங்கம்மா."

"பொத்துடி வாயை!" என்று எங்கள் அணிப் பிள்ளைகளே பல்லைக் கடித்தன.

"நான்தான் சொன்னேங்கறேன்ல?" என்றான் ரோரி. "ஒரு சாண்தானே இருந்துச்சு, நீ எப்படியும் போட்டிருப்பே. சொல்ல வாயெடுத்தேன்."

"வாயெடுத்தே. சொல்லல. எங்கம்மா கத்துற கத்து எனக்குத் தெரியாதா? இந்த ஊர்ல யாருக்குத்தான் தெரியாது?"

ஆகில்வி மதில் பக்கம் திரும்பினார். எல்ஸ்பெத் தலைகுனிந்து நின்றாள், அதுவே பதிலாகிவிட்டது. ஒரு அடி தண்டம் என்றார். கிர்ஸ்டி பந்தைப் பழைய இடத்தில் வைத்து, தட்டி, குழியில் போட்டாள். ஐந்துக்கு ஐந்து. சமம். கெண்டி பால்டோனிக்குப் போனது. பால்டோனிக்காரர்கள்கூடச் சரியாகக் கைதட்டவில்லை.

அன்று கேர்ன்கிராஸ் வீட்டில் உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்டு வேகவைத்திருந்தாள் எல்ஸ்பெத், மகள் ஜெயித்து வருவாள் என்று. என்னையும் கூப்பிட்டிருந்தாள். கிர்ஸ்டி தட்டைத் தொடவில்லை.

"விடு பாப்பா," என்றான் டூகல். "உங்கம்மா வாய் அப்படித்தான். என் படகு துறைக்குள்ள வர்றப்பகூட மேல இருந்து 'போதும்'ங்கறா, நான் எஞ்சினை நிறுத்திடறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"கத்தினதுக்கு மன்னிச்சுக்கோடி," என்றாள் எல்ஸ்பெத். "பழக்கதோஷம். வாயில வந்துருச்சு."

"கத்தினதுக்கு யாரு கோவிச்சா?" கிர்ஸ்டி முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "கேட்டப்ப சும்மா நின்னியே, அதுக்கு. பால்டோனிக்காரன் எனக்காகப் பொய் சொல்றான். எங்கம்மா வாயை மூடிட்டு நிக்கறா. நான் யாரைப் பாக்கறது?"

நாற்காலியைத் தள்ளிவிட்டு மேலே போய்விட்டாள். டூகல்கூட அதற்கு ஜோக் அடிக்கவில்லை. எல்ஸ்பெத் மகளின் தட்டை எடுத்து மூடி வைத்தாள். "வெள்ளிக்கிழமை போனதுகூடப் பரவால்ல நெட்டா," என்றாள் கடைசியில். "அவ கேட்டது நியாயந்தாண்டி."

கிளப் கூட்டம் திங்கள்கிழமை. அந்தக் காலத்தில் அந்த அறைக்குள் பெண்கள் போகக் கூடாது, தேநீர் கொண்டுபோகலாம். அன்று தேநீர் முறை எங்களுடையதில்லை. எல்ஸ்பெத் கேட்டு வாங்கினாள். நான் கோப்பைத் தட்டோடு, அவள் கெட்டிலோடு. உள்ளே புகைமூட்டம், முப்பது ஆண்கள். டூகலும் சந்தா கட்டுகிற உறுப்பினன், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

ஆகில்வி பேசிக்கொண்டிருந்தார்: "கோப்பை வரல. ஆகவே வெள்ளிக்கிழமை..."

"ஒரு வார்த்தை," என்றாள் எல்ஸ்பெத்.

"தேநீரை வெச்சுட்டுப் போம்மா," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"வெக்கறேன். இந்த வார்த்தையையும் வெச்சுட்டுப் போறேன்." கெட்டிலைக் கீழே வைக்கவில்லை, பிடித்துக்கொண்டே நின்றாள். "கத்தினது நான். யாருன்னு கேட்டப்ப மறைச்சதும் நான். என் மக மறைக்கல. வெள்ளிக்கிழமைய எடுத்துக்குங்க, கை குடுத்துருக்கேன், கேக்க மாட்டேன். ஆனா பிள்ளைங்க தோத்துச்சுன்னு யாரும் சொல்லாதீங்க. தோத்தது நான். அதுங்க எவ்வளவு சுத்தமா ஆடுச்சுன்னு நீங்க எல்லாரும் பாத்தீங்க."

எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது, மறைப்பானேன். முப்பது ஆண்களுக்கு நடுவே தன் தப்பைத் தானே எடுத்து வைத்தாளே என் தோழி, அந்தப் பெருமை இன்றைக்கும் எனக்குக் குறையவில்லை.

ஆகில்வி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேசின பேச்சு பேசினதுதான். வெள்ளிக்கிழமை ஆண்களுக்கு." பின் வரிசையில் ஒருத்தர் தொண்டையைக் கனைத்தார். ஆகில்வி முடிக்கவில்லை. "சனிக்கிழமை காலையில எட்டுல இருந்து ஒம்பது வரைக்கும் முதல் ஆட்டம் தொடங்கற உரிமை கேப்டனுக்கு. என் தாத்தா கேப்டனா இருந்த காலத்துல இருந்து அப்படித்தான். அது என் சொந்த நேரம். யாருக்குக் குடுக்கறதுங்கறது என் இஷ்டம், அதுக்கு ஓட்டெடுப்பு கிடையாது. இனிமே அது பிள்ளைங்களுக்கு."

"அப்ப நீங்க?" என்று கேட்டான் டூகல்.

"நான் கொஞ்சம் தூங்கிப் பாக்கறேன். நல்லா இருக்கும்னு சொல்றாங்க." பிறகு எல்ஸ்பெத்தைப் பார்த்தார். "கெட்டிலை வெச்சுட்டு ஊத்துங்க, மிஸஸ் கேர்ன்கிராஸ். ஆறிடும்."

இன்றைக்கும் எங்கள் லீக் சனிக்கிழமை காலையில் ஆடுவது அதனால்தான். மற்ற லீக் எல்லாம் சாயங்காலம் ஆடும்.

கிர்ஸ்டிக்கு டூகல் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க அம்மாவிடம் "ம்", "சரி", "போறேன்" தவிர வேறு பேச்சில்லை. எல்ஸ்பெத் மீன்கூடத்தில் "போதும்" சொல்வதையே நிறுத்திவிட்டு, எடை சரியானதும் தராசை ஒரு கரண்டியால் தட்டினாள். எங்களுக்கு அது சகிக்கவே இல்லை.

சனிக்கிழமை எட்டு மணிக்கு பால்டோனிப் பிள்ளைகள் வந்து இறங்கின. புள்ளியும் கிடையாது, கெண்டியும் கிடையாது. ரோரிதான் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். "அன்னிக்கு முடியாதது முடியட்டும்," என்றானாம். தூங்கிப் பார்ப்பதாகச் சொன்ன ஆகில்வி ஏழே முக்காலுக்கே தொப்பியோடு நின்றார்.

எல்ஸ்பெத் வரவில்லை என்றுதான் நினைத்தேன். கடைசிக் குழிக்கு வரும்போது பார்த்தால், கடல்மதிலுக்கும் அப்பால், ரோட்டைத் தாண்டி, மீன்வலை காயும் கம்பத்தோரம் நின்றுகொண்டிருந்தாள். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. பெரிய புதினா மிட்டாய் ஒன்றைப் போட்டு வாயை அடைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து மற்ற அம்மாக்களும் அப்புறம் பிடித்துக்கொண்ட வழக்கம் அது. இப்போதும் எங்கள் கடைசிக் குழியைச் சுற்றி நிற்கிற பெரியவர்கள் வாயில் மிட்டாய் இருக்கும்.

கிர்ஸ்டி பந்துக்கு மேல் குனிந்தவள் நிமிர்ந்தாள். மட்டையை ஊன்றிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

"அம்மா! அங்க என்ன பண்றே?"

எல்ஸ்பெத் தன் வாயைச் சுட்டிக் காட்டினாள்.

"மிட்டாயைத் துப்பு. இங்க வா. கிட்ட வந்து நில்லு."

எல்ஸ்பெத் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"கத்தறதுன்னா கத்து, பரவால்ல," என்றாள் கிர்ஸ்டி, திடல் முழுக்கக் கேட்கும்படி. அம்மாவின் குரல் அப்படியே அவளிடமும் இருந்தது. "யாருன்னு கேட்டா நீயே சொல்லிடுவேல்ல?"

எல்ஸ்பெத் மிட்டாயைக் கையில் துப்பினாள். "சொல்லிடுவேண்டி," என்றாள். அழுதுகொண்டே ரோட்டைக் கடந்து, பாவாடையைத் தூக்கிக்கொண்டு மதிலேறிக் குதித்து, மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.